கவிதைக்கு அனுபவம் தேடி

(நமது சங்கத்தின் நாக்பூர் கிளை நடத்திய இலக்கிய மாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற முறை கவியரங்கம் முடிந்து எல்லோரும் காபி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு பெண் என்னிடம் வந்தாள். புனேயில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். லீவுக்குப் பெற்றோரிடம் வந்திருந்தாள். “மாமா, எனக்கும் கவிதை எழுதணும்னு ஆசை. ஆனா கார்த்தாலேர்ந்து ராத்திரி வரைக்கும் ஸ்கிரீனையே பார்த்துண்டிருக்கேன். எழுதறதுக்கு அனுபவம்னு ஒண்ணுமே இல்லையே, அதை எங்கே போய்த் தேடறது?” என்று கேட்டாள். “நிறையப் படிம்மா, தானே வரும்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து படுத்தபின் தூக்கம் வரவில்லை. அந்தக் குழந்தை உண்மையாகக் கேட்டாள். நான் ஒப்புக்குப் பதில் சொல்லிவிட்டேன். இன்று செயலாளர் பேச அழைத்தபோது, அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலையே பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

முதலில் என் யோக்யதாம்சம். நான் தமிழ் படித்தவன் அல்ல. 1969-ல் பௌதிகத்தில் பி.எஸ்ஸி. தேறியவன். 1971-ல் மத்திய அரசின் வானிலைத் துறையில் அப்சர்வராகச் சேர்ந்து, பல ஊர்கள் சுற்றி, நாக்பூரில் நிலைத்து, 2009-ல் அதிகாரியாக ஓய்வு பெற்றேன். இப்போது வயது எழுபத்தாறு. யாப்பு, பாட்டி வழி மாமா ஒருவர் திண்ணையில் உட்கார்த்திச் சொல்லிக் கொடுத்தது. அதனால் வெண்பாவும் விருத்தமும் தடையில்லாமல் வரும். நம் கிளையில் சஷ்டியப்த பூர்த்தி, கிருஹப்பிரவேசம் எதுவானாலும் என்னிடம்தான் வாழ்த்துப்பா கேட்பார்கள். நானும் என்னைக் கவிஞன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் உத்தியோகத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். பின்னால் தேவைப்படும். வானிலை அப்சர்வர் தினமும் காலை 8.30 மணிக்கு வெளியே போய் வானத்தைப் பார்க்க வேண்டும். வானத்தை எட்டுப் பங்காகப் பாவித்து, அதில் எத்தனை பங்கு மேகம், என்ன மேகம் என்று குறிக்க வேண்டும். மழைமானியில் சேர்ந்த தண்ணீரை அளவுக் குவளையில் ஊற்றிப் பார்க்க வேண்டும். எதையும் உள்ளே வந்து ஞாபகத்திலிருந்து எழுதக் கூடாது. நின்ற இடத்திலேயே, பாக்கெட் ரிஜிஸ்டரில், பார்த்ததைப் பார்த்தபடி எழுத வேண்டும். தப்பாக எழுதினால் அழிக்கக் கூடாது. முதலில் எழுதியது தெரியும்படி ஒரு கோடு இழுத்து, மேலே சரியானதை எழுத வேண்டும். 0.1 மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூறினால்கூட விட்டுவிடக் கூடாது. அதற்கு ‘ட்ரேஸ்’ என்று ஒரு குறி உண்டு. ஏறத்தாழ நாற்பது வருஷம் இந்த ஒழுங்கில் வாழ்ந்தேன். கவிதை எழுத உட்கார்ந்தபோது மட்டும் இதில் ஒன்றையும் பின்பற்றவில்லை.

அது எனக்குத் தெரியவந்த கதையைச் சொல்கிறேன்.

2014-ல் பருவமழை நாடெங்கும் குறைந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். விதர்ப்பாவில் பருத்தி விவசாயிகள் பட்ட பாட்டைப் பேப்பரில் படித்துவிட்டு, ‘வறட்சி’ என்று பத்து விருத்தம் எழுதினேன். வெடித்த வயல், வாடிய பயிர், வானத்தைப் பார்க்கும் உழவன், அவன் கண்ணில் மட்டும் தண்ணீர், எல்லாம் அதில் இருந்தது. நம் கவியரங்கத்தில் படித்தேன். பெருத்த கைதட்டல். ஒரு மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொன்னாடையும் போர்த்தினார்கள்.

என்னிடம் அப்சர்வராக வேலை பார்த்த மராட்டிய நண்பர் ஒருவர், ஓய்வுக்குப் பின் யவத்மால் மாவட்டத்தில் உள்ள சொந்தக் கிராமத்தில் விவசாயம் பார்க்கிறார். அவர் ஒரு நாள் வீட்டுக்கு வந்தபோது பெருமையுடன் அதை ஹிந்தியில் வரிவரியாகச் சொன்னேன். மரியாதையாகக் கேட்டார். கடைசியில், “சாஹேப், இது எந்த வயல்?” என்றார். எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். “எங்கள் பக்கம் கரிசல் மண். நல்ல மழை பெய்த வருஷத்திலும் கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். வெடித்தால்தான் நல்லது, மேல்மண் உள்ளே விழுந்து தானே புரளும். வெடிப்பைப் பார்த்து எங்கள் ஊரில் யாரும் அழ மாட்டார்கள்.”

நான் எழுதிய வயல் யவத்மாலில் இல்லை. தஞ்சாவூரிலும் இல்லை. காலண்டர் படங்களிலிருந்தும் பழைய பாட்டுப் புஸ்தகங்களிலிருந்தும் எடுத்த வயல். மண்ணின் தன்மை தெரிய வேண்டிய ஒரு சயன்ஸ் பட்டதாரி, கைதட்டலுக்காக மண்ணையே தப்பாக எழுதிவிட்டேன். “அப்படியானால் உங்கள் ஊர் வறட்சி எப்படி இருக்கும்?” என்று கேட்டேன். “வந்து பாருங்கள்” என்றார்.

2015 ஜூலையில் போனேன். அந்த வருஷம் ஜூனில் மழை நன்றாகத் தொடங்கியது. நம்பி விதைத்தார்கள். ஜூலையில் மழை நின்றுவிட்டது. முளைத்த பருத்தி இரண்டு இலை விட்ட நிலையில் காய்ந்துபோயிற்று. வயல் பார்வைக்குச் சோகமாகவே இல்லை. சுத்தமாக, கறுப்பாக, கோடு போட்ட நோட்டுப் புஸ்தகம் போல் இருந்தது. குனிந்து பார்த்தால்தான் கோடு நெடுகிலும் நூல் மாதிரி காய்ந்த செடிகள் தெரிந்தன. இனி மறுபடி விதைக்க வேண்டும். மராட்டியில் அதற்குத் ‘துபார் பேரணி’ என்று பெயர். இரண்டாம் விதைப்பு. வறட்சி என்றால் அங்கே அதுதான்.

நண்பருக்கு அடுத்த வயலில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாளும் மருமகளும் விதைத்துக்கொண்டிருந்தார்கள். நான் பாக்கெட்டில் நோட்டும் பேனாவுமாகப் போய், “உங்கள் மனசு எப்படி இருக்கிறது?” என்று எனக்குத் தெரிந்த மராட்டியில் கேட்டேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அந்த அம்மாள் பதில் சொல்லாமல், விதை இருந்த துணிப் பையை என் கையில் கொடுத்து, “காகா, நடந்துகொண்டே பேசுவோம், வெயில் ஏறுகிறது” என்றார். கோட்டில் ஒரு அடி வைத்து, குழி செய்து, விதையைப் போட்டு, காலால் மண் தள்ள வேண்டும். இரண்டு வரிசையில் என் இடுப்பு விட்டுப்போயிற்று. அவர் காலை ஆறு மணியிலிருந்து அதைச் செய்துகொண்டிருந்தார்.

பேச்சுவாக்கில் சொன்னார். முதல் விதை, கடையில் கடன். இரண்டாம் விதைக்குக் கடையில் தர மாட்டேன் என்றுவிட்டார்கள். ஆட்டை விற்று வாங்கியது. இதைச் சொன்னபோது அவர் அழவில்லை. என் கையில் விதை சிந்துகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வானிலைத் துறையில் இருந்தவன் என்று நண்பர் சொல்லியிருப்பார் போலிருக்கிறது. திடீரென்று கேட்டார்: “காகா, எட்டு நாளைக்கு முன்னால் டவுனில் மழை பெய்தது. அதோ அந்த ஓடை வரைக்கும் வந்தது. ஓடைக்கு இந்தப் பக்கம் வரவில்லை. உங்கள் புஸ்தகத்தில் அது எப்படி எழுதியிருக்கும்?”

மழைமானி டவுனில்தான் இருக்கிறது. அதன் வாய் 200 சதுர சென்டிமீட்டர், ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறியது. அந்தத் தட்டில் விழுந்ததுதான் சுற்று வட்டாரத்துக்கே கணக்கு. “மழை பெய்ததாகத்தான் எழுதியிருக்கும், அம்மா” என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் விதைத்தார். பிறகு, “நோட்டு வைத்திருக்கிறீர்களே, எழுதிக்கொள்ளுங்கள். இங்கே பெய்யவில்லை” என்றார்.

அன்று என் நோட்டில் எழுதியது அந்த ஒரு வாக்கியம்தான். தேதி, நேரம், இடம் போட்டு எழுதினேன்.

கவிதை என்றால் என்ன என்று பல விளக்கங்கள் படித்திருக்கிறேன். எனக்குப் புரிந்த விளக்கம் அந்த வயலில் கிடைத்தது. மழைமானி இல்லாத இடத்தில் போய் நின்று, அங்கே என்ன பெய்தது, என்ன பெய்யவில்லை என்று உள்ளபடி எழுதுவது.

இந்தக் கண்ணோடு திரும்பவும் பெரியவர்களைப் படித்தேன். மகாகவி பாரதி புதுவையில் இருந்தபோது, 1916 நவம்பரில் ஒரு பெரும்புயல் அடித்தது. அவருடைய ‘புயற் காற்று’ பாட்டின் தலைப்பின் கீழே என்ன இருக்கிறது தெரியுமோ? நள வருஷம், கார்த்திகை மாதம் 8-ம் தேதி, புதன்கிழமை இரவு. கணக்குப் போட்டுப் பார்த்தேன், 1916 நவம்பர் 22, கிழமை சரியாக இருக்கிறது. வருஷம், மாதம், தேதி, கிழமை, வேளை! எங்கள் ரிஜிஸ்டரில்கூட இதைவிட ஒழுங்காக எழுத முடியாது. அதோடு நிற்கவில்லை. புயல் ஓய்ந்தபின் தப்பிப் பிழைத்த ஒரு தென்னந்தோப்பையும் தனிப் பாட்டாகப் பாடினார். ஊரெல்லாம் விழுந்த மரத்தைப் பார்த்தபோது, அவர் விழாத மரத்தையும் போய்ப் பார்த்திருக்கிறார்.

ஆங்கிலத்தில் வேர்ட்ஸ்வொர்த்தின் ‘டாஃபடில்’ மலர்ப் பாட்டை நம்மில் பலர் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருப்போம். அவரும் தங்கை டாரதியும் ஏரிக்கரையில் அந்தப் பூக்களைக் கண்டது 1802 ஏப்ரல் 15. டாரதி அதைத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். பாட்டு எழுதப்பட்டது ஏறத்தாழ இரண்டு வருஷம் கழித்து. அச்சில் வந்தது 1807. அதில் இரண்டு வரி தன் மனைவி மேரி தந்தவை என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆக, அனுபவம் ஒரு நாள், பதிவு ஒருத்தி கையில், பாட்டு பல மாதம் கழித்து, அதிலும் ஒரு பங்கு இன்னொருத்தியுடையது. கவிஞன் தனியாகச் செய்தான் என்று நினைப்பது தப்பு.

ரவீந்திரநாத் தாகூர் 1890-களில் பத்மா நதியில் படகு வீட்டில் வசித்தது கவிதை தேடி அல்ல. குடும்ப ஜமீன் கணக்கு வழக்குகளைப் பார்ப்பதற்காகத் தகப்பனார் அனுப்பினார். ஷிலைதஹா இன்று பங்களாதேஷில் இருக்கிறது. அங்கே குடியானவர்களையும் படகோட்டிகளையும் பார்த்துப் பார்த்துத் தமது அண்ணன் மகள் இந்திராவுக்குக் கடிதமாக எழுதினார். ‘சோனார் தரி’ முதலிய கவிதைகளும் பல சிறுகதைகளும் அந்த வருஷங்களில் விளைந்தவை. உத்தியோகம் கவிதைக்கு இடைஞ்சல் என்று சொல்கிற நம் இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இதற்கெல்லாம் மூலம் நம் ஆதிகவி. வால்மீகி தமஸா நதிக்கு ஸ்நானத்துக்குத்தான் போனார். க்ரௌஞ்சம் அடிபட்டதைப் பார்த்து அவருடைய சோகமே சுலோகமாயிற்று என்று நாமெல்லாம் கேட்டிருக்கிறோம். ஆனால் அதற்கு முன்னால் அவர் என்ன செய்தார்? சிஷ்யர் பரத்வாஜரிடம் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருக்கிறது பார் என்று காட்டுகிறார். தண்ணீரின் தெளிவைப் பார்க்கிற கண் திறந்திருந்ததால்தான் பறவையும் கண்ணில் பட்டது. அனுபவம் தானாக வரும் என்பது சரி. வரும்போது நாம் அங்கே இருக்க வேண்டும், பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

யவத்மாலிலிருந்து வந்தபின் ஒரு வருஷம் எனக்கு எதுவும் எழுத வரவில்லை. பிறகு ஒரு சின்னப் பாட்டு எழுதினேன். வீட்டு வாசலில் ஆடு கட்டிய முளையும் அதில் சுற்றிய கயிறும்தான் விஷயம். கவியரங்கத்தில் படித்தபோது கைதட்டல் குறைவு. ‘வறட்சி’ மாதிரி இல்லையே என்று இரண்டு பேர் சொன்னார்கள். நண்பர் அதை மராட்டியில் சொல்லி அந்த அம்மாளிடம் படித்துக் காட்டினார். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, “ஆடு வெள்ளை இல்லை. செம்மண் நிறம். காது மட்டும்தான் வெள்ளை” என்றாராம். நான் பழைய வழக்கப்படி ‘வெள்ளை’யின் மேல் ஒரு கோடு இழுத்து, மேலே சரியானதை எழுதினேன். சீர் ஒன்று கெட்டது. கெட்டபடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இரண்டாம் விதை முளைத்ததா என்று கேட்பீர்கள். முளைத்தது, பாதி பிழைத்தது.

இதோடு பேச்சை முடித்திருந்தால் நான் பாடம் கற்றுக்கொண்டேன் என்று நீங்கள் நினைப்பீர்கள். இல்லை. நூறு மைல் தள்ளியிருந்த வயலை ஒழுங்காகப் பார்த்தவன், வீட்டுக்குள் பார்க்கவில்லை.

2019 பிப்ரவரியில் என் மனைவி காலமானாள். நாற்பத்து மூன்று வருஷ தாம்பத்யம். சுபத்தன்று வந்தவர்களுக்குக் கொடுப்பதற்காகப் பத்து வெண்பா எழுதி அச்சடித்தேன். குலவிளக்கு, பொறுமையில் பூமாதேவி, அன்னமிட்ட கை, எல்லாம் இலக்கண சுத்தமாக அமைந்தன. எல்லோரும் சிலாகித்தார்கள். அன்று ராத்திரி பையன் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். “அப்பா, நன்னா இருக்கு. ஆனா இது யாரோட அம்மாவுக்கும் பொருந்தும். இதிலே நம்ம அம்மா எங்கே?” என்றான்.

“எந்த வயல்?” என்ற அதே கேள்விதான். இந்தத் தடவை பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வானத்தை எட்டுப் பங்காகப் பிரித்துப் பார்த்தவனுக்குப் பக்கத்தில் இருந்தவளைப் பற்றி எழுத ஒரு வரி கிடைக்கவில்லை.

எழுபது வயதில் தேட ஆரம்பித்தேன். மச்சினியிடம் கேட்டேன். எதிர் வீட்டு மராட்டிய மாமியிடம் கேட்டேன். காய்கறி வண்டிக்காரரிடம் கேட்டேன். ஒவ்வொருவரும் நான் அறியாத ஒருத்தியைப் பற்றிச் சொன்னார்கள். பிறகு சமையலறை அலமாரியை ஒழுங்கு செய்தபோது பால் கணக்கு நோட்டுகள் கிடைத்தன. வருஷக்கணக்கில் சேர்த்து வைத்திருந்தாள். புரட்டிப் பார்த்தேன். அரை லிட்டர், ஒரு லிட்டர் என்ற கணக்குக்கு நடுவே, ஓரத்தில் பொடி எழுத்தில், ‘ராத்திரி 2.10 மழை’, ‘11.40 இடி, மழை இல்லை’, ‘விடியக்காலை நின்னுது’ என்று அங்கங்கே எழுதியிருந்தாள்.

கல்யாணமான புதிதில், ராத்திரி மழை எப்போது ஆரம்பித்தது என்று காலையில் அவளைக் கேட்பேன். ரிஜிஸ்டரில் நேரம் போட வேண்டுமே. அவள் சொல்வாள். எப்படித் தெரியும் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. எழுந்து மணி பார்த்துக் குறித்து வைத்திருக்கிறாள். நான் ஓய்வு பெற்றது 2009-ல். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை, யாருக்கும் அது தேவையும் இல்லை. அவள் நிறுத்தவில்லை. கடைசிப் பதிவு 2018 புரட்டாசியில். ‘நாலேகால். தூறல்.’ எங்கள் பாஷையில் ட்ரேஸ்.

அதை வைத்து எட்டு வரி எழுதினேன். இங்கே படிக்கப் போவதில்லை, மன்னிக்கவும். பையனிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். ஒன்றும் சொல்லவில்லை. எனக்குக் கிடைத்த பொன்னாடைகளில் அதுதான் பெரியது.

இப்போது புனேயிலிருந்து வந்த அந்தக் குழந்தைக்கு என் பதில். அம்மா, உனக்கு அனுபவம் இல்லை என்று சொல்லாதே. பதிவு இல்லை என்று சொல். ஒரு சின்ன நோட்டு வாங்கிக்கொள். தினமும் ஒரே ஒரு வரி, தேதி, நேரம், இடம் போட்டு, கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் எழுது. அழகு, சோகம், இனிமை என்ற வார்த்தைகளை அதில் எழுதாதே. அவை பின்னால் வாசிப்பவருக்கு வர வேண்டியவை. பொருளுக்குப் பெயர் தெரியவில்லையென்றால், தெரிந்தவரைக் கேள். உன் ஆபீஸ் வாசலில் ராத்திரி காவல் இருப்பவர், உன் டப்பாவைக் கழுவுகிறவர், பக்கத்து நாற்காலியிலிருந்து திடீரென்று வேலையை விட்டுப்போனவர், இங்கெல்லாம் மழைமானி கிடையாது. அங்கே போய் நில். பாட்டுக்கு அவசரப்படாதே, இரண்டு வருஷம் ஆனாலும் பரவாயில்லை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பிறர் கஷ்டத்தைப் பார்க்கப் போகும்போது நோட்டை நீட்டிக்கொண்டு போகாதே, நான் போன மாதிரி. அவர்கள் பையைக் கொடுத்தால் வாங்கித் தூக்கு. எழுதியதை முடிந்தால் அவர்களிடமே படித்துக் காட்டு. ஆட்டின் நிறம் தப்பு என்று அவர்கள் சொன்னால் திருத்து.

இங்கே இருக்கும் என் வயதுக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும், உங்கள் ஆத்துக்காரியிடமோ ஆத்துக்காரரிடமோ, இத்தனை வருஷமாகக் கேட்காத ஒரு கேள்வியைக் கேளுங்கள். கவிதை வராமல் போகலாம், அதனால் ஒன்றும் நஷ்டமில்லை. கேட்பதற்கு ஆள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.